பல்லின் விலை

பல் போனால் சொல் போச்சு என்பது பழமொழி. நான்கே சொற்களில் நம் முன்னோர் ஒரு பெரிய இழப்பைச் சொல்லி முடித்துவிட்டனர். ஆனால் போன பல்லைத் திரும்பக் கட்டிக்கொள்வது எவருடைய செலவில், எவ்வளவு பணத்தில், எவருடைய முடிவில் என்பதைப் பற்றி அப்பழமொழி ஒன்றும் கூறவில்லை. கூற வேண்டிய தேவையும் அந்நாளில் எழவில்லை. பல் விழுந்தவர்கள் வெற்றிலையைச் சிறு உரலில் இடித்துப் போட்டுக்கொண்டார்கள். முறுக்கைத் தேநீரில் ஊறவைத்துத் தின்றார்கள். கன்னம் ஒட்டிய முகமே முதுமையின் முகம் என்று வீட்டாரும் ஏற்றுக்கொண்டார்கள். இன்று அப்படியில்லை. கோயம்புத்தூரில் ஒப்பணக்காரத் தெருவிலிருந்து காந்திபுரம் வரை ஒருமுறை நடந்து பார்த்தால் போதும். பல் மருத்துவமனைப் பலகைகள் துணிக்கடைப் பலகைகளோடு போட்டியிடுகின்றன. கழற்றி மாட்டும் பல்செட்டு ஒருபுறம். தாடை எலும்பில் திருகிப் பதிக்கும் இம்பிளான்ட் மறுபுறம். இழந்ததைத் திரும்பப் பெறலாம் என்னும் நிலை வந்துவிட்டதால், பெறாமல் இருப்பதற்கும் இப்போது ஒரு காரணம் சொல்ல வேண்டியிருக்கின்றது. அறம் பற்றிய கேள்வி அங்கேதான் பிறக்கின்றது.

நம் வீடுகளில் இது எவ்வாறு நிகழ்கின்றது என்பதை வாசகர்கள் அறிவார்கள். எழுபதைக் கடந்த அத்தாவுக்குக் கீழ்வரிசைப் பற்கள் ஒவ்வொன்றாய் ஆடி விழுந்துவிட்டன. கோட்டைமேட்டில் கடை வைத்திருக்கும் மகன் அவரை மருத்துவரிடம் அழைத்துப் போகிறான். மருத்துவர் மூன்று வழிகளையும் மூன்று விலைகளையும் ஒரு தாளில் எழுதித் தருகிறார். வீடு வந்ததும் தாள் கைமாறுகின்றது. திருப்பூரிலிருந்து மகள் தொலைபேசியில் விவரம் கேட்கிறாள். வேண்டாம் என்று எவரும் வாய் திறந்து சொல்வதில்லை. கடைசியில் அத்தாவே சொல்கிறார்: “எனக்கெதுக்குப்பா இதெல்லாம்? இனி எத்தன நாளைக்கு? கஞ்சியோ களியோ குடிச்சுட்டு இருந்துக்கறேன். அந்தக் காசப் புள்ளைக படிப்புக்கு வையி.” எல்லாரும் சற்று நேரம் பேசாமல் இருக்கிறார்கள். அந்த மௌனத்தில் வருத்தம் உண்டு; கூடவே ஒரு நிம்மதியும் உண்டு. அந்த நிம்மதியைப் பற்றித்தான் நாம் பேச விரும்புகின்றோம்.

போதும் என்னும் மனம் உயர்ந்த மனம் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் தனக்குரியதைத் தானே வேண்டாமென்று விடுவது ஒன்று. பிள்ளையின் முகத்தைப் பார்த்து, அவன் கணக்குப் போடுவதை உணர்ந்து, அவன் வாயிலிருந்து அந்தச் சொல் வருமுன் தானே முந்திக்கொள்வது வேறொன்று. வெளியே கேட்கும்போது இரண்டும் ஒரே சொல்லாகத்தான் ஒலிக்கின்றன. முன்னது போதுமென்ற மனம். பின்னது பிள்ளைக்குச் செய்யும் கடைசி உபகாரம். அந்த உபகாரத்தைப் பெற்றுக்கொண்டு, அதற்கு அத்தாவின் பக்குவம் என்று பெயர் சூட்டிவிடுகின்றோம்.

சரி, ஒரு பல்லுக்கு என்னதான் விலை? நம் சட்ட நூல்களில் இதற்கு நேரான விடையே உண்டு. ஒருவருடைய பல்லை மற்றொருவர் தவறுதலாக உடைத்துவிட்டால் அதற்குரிய ஈடு ஐந்து ஒட்டகங்கள். ஓர் உயிருக்கு ஈடு நூறு ஒட்டகங்கள். ஆகவே ஒரு பல் ஓர் உயிரின் இருபதில் ஒரு பங்கு. முன்பல்லுக்கும் கடைவாய்ப்பல்லுக்கும் விலையில் வேற்றுமை இல்லை என்பதே சட்ட அறிஞர் பெரும்பாலாரின் முடிவு. அழகுக்கு ஒரு விலை, அரைப்பதற்கு ஒரு விலை என்று அவர்கள் பிரிக்கவில்லை. முப்பத்திரண்டு பற்களையும் கூட்டினால் நூற்றறுபது ஒட்டகங்களாகி உயிரின் விலையையே தாண்டிவிடுகின்றதே என்று அவர்கள் தமக்குள் வாதிட்டதும் உண்டு. மூப்பில் தானே உதிரும் பல்லுக்கு எவரும் ஈடு கொடுக்க வேண்டியதில்லை என்பது மெய்தான். ஆயினும், மனிதனின் வாயை இவ்வளவு பெரிதாக எண்ணிய ஒரு மரபிலிருந்து வந்தவர்கள் நாம் என்பதை மறக்கலாகாது. இன்றைய மருத்துவக் காப்பீட்டுப் பத்திரங்களை எடுத்துப் பாருங்கள். விபத்தில் அடிபட்டாலொழிய, பல் சிகிச்சை பெரும்பாலான பத்திரங்களில் விலக்குப் பட்டியலில்தான் இருக்கின்றது. கண்ணில் புரை விழுந்தால் பணம் தருகிறவர்கள், வாயில் பல் விழுந்தால் அதை உடம்பைச் சேராத ஏதோ ஒன்றாகக் கருதுகின்றார்கள்.

உடம்பைச் சேர்ந்ததுதான் என்பதற்கு எலும்பே சாட்சி. பல்லின் வேர் இருக்கும்வரை, மெல்லும்போது உண்டாகும் அழுத்தம் தாடை எலும்பை உரத்துடன் வைத்திருக்கின்றது. பல் போனபின் அந்த எலும்புக்கு வேலை இல்லை, கரையத் தொடங்குகின்றது. முதல் ஆண்டில் விரைவாகவும், பிறகு வாழ்நாள் முழுவதும் மெதுவாகவும் கரைகின்றது. முழுப் பல்செட்டு அணிந்தவர்களின் தாடைகளை 25 ஆண்டுகள் தொடர்ந்து எக்ஸ்ரே எடுத்து அளந்து, டால்கிரென் என்னும் ஆய்வாளர் 1972-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். கீழ்த்தாடையின் விளிம்பு, மேல்தாடையைக் காட்டிலும் ஏறத்தாழ நான்கு மடங்கு தேய்ந்திருந்ததை அது காட்டியது. கீழ்ச்செட்டு நிற்பதில்லை என்று முதியோர் முறையிடுவதற்குக் காரணம் இதுதான். மேல்செட்டு அண்ணம் முழுவதும் படிந்து, எச்சிலின் ஈரத்தில் ஒட்டிப் பிடித்துக்கொள்கின்றது. கீழ்ச்செட்டோ குதிரை லாடம் போன்ற ஒரு துண்டு. நடுவில் நாக்கு ஓயாமல் அசைகின்றது. அடியில் எலும்பும் இல்லை. பேசும்போது மிதக்கின்றது, தும்மும்போது எழும்புகின்றது. அதை எடுத்துத் தலைமாட்டில் வைத்துவிட்டு, “பழகல” என்று சொல்லிவிடுகின்றார்கள். பழகாதது அவர்களுடைய குற்றமன்று.

நன்றாக அமைந்த முழுச்செட்டிலும்கூடக் கடிக்கும் வலிமை, இயற்கைப் பல்லின் வலிமையில் நான்கில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான். அரிசிம்பருப்புச் சாதமும் சந்தகையும் குழைந்த கொள்ளுப் பருப்பும் தொல்லை தருவதில்லை. ஹஜ்ஜுப் பெருநாள் கறியும் வறுத்த நிலக்கடலையும் கொய்யாப்பழமும் எட்டாமல் போய்விடுகின்றன. ருசிக்குத்தானே இழப்பு என்று எண்ணுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மெல்ல முடியாதவர் கீரைத்தண்டையும் காய்கனியையும் இறைச்சியையும் ஒதுக்கிவிட்டு இட்லி, குழைந்த சோறு, சர்க்கரை போட்ட பாலில் நனைத்த ரொட்டி என்று சுருங்கிப் போகின்றார். அவர் நீரிழிவுக்காரராகவும் இருந்துவிட்டால் அந்த மென்மையான உணவே அவருக்கு எதிரியாகின்றது. பல்லுக்குச் செலவழிக்காத பணம் மருந்துக்கடைக்குப் போகும். “கஞ்சி குடிச்சுக்கறேன்” என்பது இலவசமான முடிவு அன்று.

பல்லின் இழப்பு இன்னோரிடத்தையும் தொடுகின்றது. அரபு மொழியில் நாவின் நுனியை மேல்முன்பற்களின் விளிம்பில் தொட்டு ஒலிக்க வேண்டிய எழுத்துகள் மூன்று உள்ளன. மேற்பல்லில் கீழுதட்டைப் பொருத்தி ஒலிக்கும் ‘ஃபே’ என்னும் எழுத்து ஒன்று உண்டு. முன்பற்கள் இல்லாதவருக்கு இவை யாவும் காற்றாகக் கரைந்து போகின்றன. அறுபது ஆண்டுகள் பிழையின்றி ஓதிய ஒருவர், தம் ஓதல் தமக்கே அந்நியமாகி ஒலிப்பதைக் கேட்டுக் குரலைத் தாழ்த்திக்கொள்கின்றார். பின்னர் பேச்சையும் குறைத்துக்கொள்கின்றார். பேரப்பிள்ளைகள் “என்ன சொல்றீங்க?” என்று இரண்டாம் முறை கேட்டால், மூன்றாம் முறை அவர் சொல்வதில்லை. முதுமையின் அமைதி என்று நாம் போற்றுவதில் ஒரு பகுதி, பல்லில்லாமையின் அமைதியாகவும் இருக்கக்கூடும்.

இனி இம்பிளான்ட் என்னும் வழி. 1952-இல் சுவீடன் நாட்டு மருத்துவ ஆய்வாளர் பிரோனெமார்க், எலும்பின் இரத்த ஓட்டத்தைக் காண்பதற்காக முயலின் கால் எலும்பில் டைட்டேனியத்தாலான சிறு கருவியைப் பொருத்தினார். ஆய்வு முடிந்து கழற்ற முயன்றபோது கருவி வரவில்லை. எலும்பு அந்த உலோகத்தைத் தன்னோடு சேர்த்து இறுகப் பற்றிக்கொண்டுவிட்டது. 1965-இல் கோஸ்டா லார்சன் என்பவருடைய தாடையில் முதன்முதலாக டைட்டேனிய வேர்கள் பதிக்கப்பட்டன. அவர் 2006-இல் இறக்கும்வரை நாற்பதாண்டுக் காலம் அவை அவருக்கு உழைத்தன. 1982-இல் கனடாவின் டொரண்டோ நகரில் கூடிய மாநாட்டுக்குப் பின்னரே உலகம் இம்முறையை ஏற்றுக்கொண்டது. இன்று தேர்ந்த கையால், தகுந்த தாடையில் பதிக்கப்படும் இம்பிளான்டுகள் பத்தாண்டுக்குப் பிறகும் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் நிலைத்து நிற்கின்றன.

தகுந்த தாடையில் என்று சொன்னோம். அச்சொல்லை வாசகர்கள் கடந்துபோய்விடலாகாது. கட்டுக்கடங்காத நீரிழிவு, விடாத புகைப்பழக்கம், புற்றுநோய்க்காகத் தாடையில் கொடுத்த கதிர்வீச்சு, எலும்புத் தேய்வுக்காக ஆண்டுக்கணக்கில் உட்கொண்ட சிலவகை மருந்துகள் ஆகியவை இருப்பின், பதித்த வேர் பிடிக்காமல் போகலாம். எலும்பு ஆறாமலும் போகலாம். கீழ்த்தாடைக்குள் ஓடும் நரம்பைத் துளைக்கருவி தொட்டுவிட்டால் உதடு மரத்துப்போகும்; சிலருக்கு அது நிரந்தரமாகவே நின்றுவிடும். மேல்தாடையில் எலும்பு மெலிந்திருந்தால் கருவி கன்னத்துக் காற்றறைக்குள் நுழைந்துவிடும். வேர் நன்கு பிடித்த பின்பும், சுத்தம் குறைந்தால் அதைச் சுற்றிச் சீழ் வைத்து எலும்பு அரிக்கும். உலோகத்துக்குச் சொத்தை இல்லை. அதைத் தாங்கும் எலும்புக்கு நோய் உண்டு.

நம் மாநிலத்திலேயே நடந்த ஒரு நிகழ்ச்சியை இங்குச் சொல்லியாக வேண்டும். திருப்பத்தூர் மாவட்டத்து வாணியம்பாடி, நம்மவர்கள் பெருந்தொகையாக வாழும் ஊர். 2022, 2023 ஆண்டுகளில் அந்தப் பகுதியிலிருந்து காய்ச்சலும் மூளைத் தொற்றுமாகப் பலர் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தனர். மண்ணிலும் நீரிலும் வாழும் மெலியாய்டோசிஸ் கிருமியே காரணம் எனத் தெரிந்தது. ஆய்வில் கண்டறியப்பட்ட 21 பேரில் பத்துப் பேர் ஒரே பல் மருத்துவமனையில் சிகிச்சை பெற்றவர்கள். அப்பத்துப் பேரில் எட்டுப் பேர் இறந்தனர். திறந்து வைத்து மீண்டும் மீண்டும் பயன்படுத்திய உப்புநீர்ப் புட்டியே தொற்றின் வழியென்று 2025-இல் வெளியான ஆய்வுக் கட்டுரை காட்டிற்று. பல் பிடுங்கவும் வேர் சிகிச்சைக்கும் என்று சாதாரணமாகப் போனவர்கள் அவர்கள். இம்பிளான்டுக்காக எலும்பைத் துளைக்கும்போதும், சூட்டைத் தணிக்க அதே உப்புநீரைத்தான் பாய்ச்சுகின்றார்கள். ஆகவே விலை கேட்பதற்கு முன்னால், “புட்டியை என் கண் முன்னால் திறப்பீர்களா? கருவிகள் ஆட்டோகிளேவில் வேகவைத்து உறையிட்டவைதாமா?” என்று கேட்க வேண்டும். கேட்பது மரியாதைக் குறைவு என்று நம்மவர் எண்ணுகின்றனர். நல்ல மருத்துவர் இக்கேள்விக்கு மகிழ்வார். முகம் சுளிப்பவரிடம் வாயைத் திறக்காமல் எழுந்து வந்துவிடலாம்.

விலைக்கு வருவோம். கொங்கு நாட்டு நகரங்களில் கழற்றி மாட்டும் முழுச்செட்டு சில ஆயிரங்களில் தொடங்குகின்றது. பொருளும் கைத்திறனும் உயர உயர விலையும் ஏறும். இம்பிளான்ட் ஒரு பல்லுக்கே இருபதாயிரத்திலிருந்து ஐம்பதாயிரம் வரை ஆகின்றது. ஒரு தாடை முழுவதற்கும் நிலையான பல்வரிசை என்றால் இலட்சங்களில்தான் பேச்சு. எலும்பு போதாமல் எலும்புத்தூள் சேர்க்க வேண்டியிருந்தால் அது தனி. ஆண்டுதோறும் சுத்தம் செய்ய ஆகும் செலவு தாளில் எழுதப்படுவதில்லை. எந்த நிறுவனத்தின் இம்பிளான்ட், என்ன அளவு என்பதைக் குறித்த அட்டையைக் கேட்டு வாங்கிவைக்க வேண்டும். பத்தாண்டு கழித்து ஒரு திருகு தளர்ந்தால், அதே நிறுவனத்தின் திருகுதான் அதற்குப் பொருந்தும். அந்த நிறுவனமே மறைந்துபோயிருந்தால் நல்ல வேரும் பயனற்றுப் போகும். தவணையில் கட்டலாம் என்று சொல்லும் இடங்கள் மிகுதி. வட்டியில்லை என்ற சொல்லோடு நிறுத்தாமல், பத்திரத்தை வாசித்துப் பார்ப்பது நம் குடும்பங்களுக்குக் கடமையாகின்றது.

மார்க்கத்தின் பக்கம் சில ஐயங்கள் எழுவதுண்டு. போன உறுப்புக்குப் பதிலாக ஒன்றைப் பொருத்துவது இறைவனின் படைப்பை மாற்றுவதாகாதா என்பது ஒன்று. அர்ஃபஜா என்னும் நபித்தோழருக்கு, அறியாமைக் காலத்தில் நடந்த குலாப் போரில் மூக்கு அறுபட்டது. வெள்ளியால் மூக்குச் செய்து பொருத்திக்கொண்டார்; அது நாற்றமெடுத்தது. பொன்னால் செய்துகொள்ளுமாறு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அவருக்குக் கூறினார்கள் என்ற செய்தியை அபூதாவூதும் திர்மிதியும் பதிந்திருக்கின்றனர். ஆண்களுக்குப் பொன் விலக்கப்பட்டிருந்தும், உறுப்பிழந்த ஒருவரின் இடர் அங்கே கருதப்பட்டது. ஆடும் பல்லைப் பொன்கம்பியால் கட்டலாமா என்பதில் இமாம் அபூஹனீஃபா தயங்கி வெள்ளியோடு நிறுத்திக்கொண்டதும், அவருடைய மாணாக்கர் இமாம் முஹம்மது பொன்னையும் ஏற்றதும் சட்ட நூல்களில் உள்ளவை. அழகுக்காக நல்ல பல்லை அரத்தால் அராவி இடைவெளி உண்டாக்குவதே கண்டிக்கப்பட்டது. இழந்ததை ஈடுசெய்வது அதில் அடங்காது. ஐம்பது வயதில் நல்ல பற்களைச் சீவிவிட்டு, வெண்பளிங்கு போன்ற வரிசையை ஏற்றிக்கொள்கின்ற இன்றைய மோகம் எந்தப் பக்கத்தில் சேரும் என்பதை அவரவர் எண்ணிப்பார்க்கட்டும்.

தூய்மை பற்றியது மற்றொன்று. கொங்கு நாட்டு இராவுத்தர் குடும்பங்களில் பெரும்பாலோர் ஹனஃபி வழியினர். கடமையான குளிப்பில் வாய் கொப்பளிப்பது அவர்களுக்குக் கட்டாயம். கழற்றக்கூடிய செட்டை அப்போது எடுத்துவிட்டுக் கொப்பளிக்க வேண்டும். நிலையாகப் பதித்ததைக் கழற்ற வேண்டியதில்லை. எலும்புத்தூளும் அதன்மேல் போர்த்தும் சவ்வும் எதிலிருந்து எடுக்கப்பட்டவை என்பது வேறொரு கேள்வி. சில மாட்டிலிருந்தும் சில பன்றியிலிருந்தும் எடுக்கப்படுகின்றன. செயற்கையாகச் செய்தவையும் உள்ளன. முன்கூட்டியே கேட்டால் மருத்துவர் வேறொன்றைத் தெரிந்தெடுத்துத் தருவார். நாற்காலியில் சாய்ந்து வாய் மரத்துப்போன பின் கேட்பதற்கு வழியில்லை.

இவையெல்லாம் தெரிந்தபின், இலட்சம் செலவழிப்பது வீண்விரயமா என்னும் கேள்வி நிற்கின்றது. வீண்விரயம் கூடாது என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் அந்தச் சொல்லை நாம் எங்கே எடுக்கின்றோம், எங்கே மறக்கின்றோம் என்று பார்க்க வேண்டும். திருமண மண்டபத்துக்கும், ஆயிரம் பேருக்குப் பிரியாணிக்கும், ஒருநாள் அணிந்து மடித்து வைக்கும் உடைக்கும் அச்சொல் நம் நாவில் வருவதில்லை. அதே திருமண விருந்தில் ஓரமாக அமர்ந்து, சோற்றிலிருந்து கறியை ஒதுக்கிவிட்டுக் குஸ்காவை மட்டும் பிசைந்து விழுங்கும் முதியவரின் வாயைப் பற்றிப் பேசும்போதுதான் சிக்கனம் நினைவுக்கு வருகின்றது. செலவின் அளவை வைத்து விரயத்தை அளக்க முடியாது. எட்டாயிரம் ரூபாய்ச் செட்டு அலமாரியில் கிடந்தால் அதுவே விரயம்.

அதற்காக, விலை உயர்ந்ததே அன்பு உயர்ந்தது என்று நாம் சொல்லவில்லை. துபாயிலும் ஷார்ஜாவிலும் இருக்கும் பிள்ளைகள், “செட்டெல்லாம் வேண்டாம், நல்லதாப் போடுங்க, காசு நான் அனுப்பறேன்” என்று சொல்வதைக் கேட்டிருக்கின்றோம். அத்தாவுக்கு எண்பத்துநான்கு வயது. இதயத்தில் இரண்டு ஸ்டென்ட். சர்க்கரை கட்டுக்குள் இல்லை. இரத்தம் உறையாதிருக்க மாத்திரை. எலும்பு பிடிக்க மூன்று மாதமோ ஆறு மாதமோ காத்திருக்க வேண்டும். நாற்காலியில் மணிக்கணக்கில் சாய்ந்திருக்க வேண்டும். தொலைவிலிருப்பவனுடைய மனக்குறையைத் தீர்ப்பதற்கு முதியவருடைய தாடை எலும்பைத் துளைப்பது எவ்வகை நியாயம்? அங்கும் அவருடைய வாய். முடிவு மட்டும் வேறொருவருடையது. உம்ராவுக்கென்று பல ஆண்டுகளாகச் சேர்த்த பணத்தை ஒருவர் பல்லுக்குக் கொடுக்க மறுத்தால், அவர் தம் பணத்தை எதற்கு வைத்திருக்கின்றார் என்பதைத் தெரிந்தே மறுக்கின்றார். அந்த மறுப்பை மதிக்க வேண்டும். பிள்ளையின் முகம் பார்த்துச் சொல்லும் மறுப்பைத்தான் அப்படியே ஏற்றுக்கொள்ளலாகாது. இரண்டையும் பிரித்தறிய ஒரே வழி, விலைத்தாளை மடித்து வைத்துவிட்டு, “எதைத் தின்ன ஆசைப்படுகிறீர்கள்? ஓதும்போது எது தடுக்கின்றது? எது வலிக்கின்றது?” என்று தனியே உட்கார்ந்து கேட்பதுதான். பணத்தைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகு வரட்டும்.

நடுவழி ஒன்றும் உண்டு. பலகைகளில் அது பெரிதாக எழுதப்படுவதில்லை. கீழ்த்தாடையின் முன்பகுதியில் இரண்டே இரண்டு இம்பிளான்டுகளைப் பதித்து, அவற்றின் குமிழ்களில் கழற்றும் செட்டைப் பொத்தான் போல மாட்டுவது. பற்களே இல்லாத கீழ்த்தாடைக்கு முதலில் எண்ண வேண்டியது இதுவே என்று, 2002-இல் கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய வல்லுநர்கள் அறிவித்தனர். எட்டு வேர்களின் விலை வேண்டியதில்லை. மிதக்கும் செட்டின் தொல்லையும் இல்லை. மேல்தாடைக்குச் சாதாரணச் செட்டே பெரும்பாலும் போதும். ஆனால் இதற்கும் உடல்நலம் இடம் கொடுக்க வேண்டும்.

இதுவரை நாம் அத்தாவைப் பற்றியே எழுதிவந்தோம் என்பதை வாசகியர் கவனித்திருப்பார்கள். விலைத்தாள் எழுதப்படும் அளவுக்கு அம்மாவின் பல் பேச்சு வருவதே அரிது. அவர் எல்லாரும் உண்டபின் அடுக்களையில் தனியே உண்பவர். அவர் எதை மெல்லுகின்றார், எதை ஒதுக்குகின்றார் என்பதைக் கண்டவர் வீட்டில் ஒருவரும் இல்லை. வெற்றிலையால் ஈறு கெட்டதென்று பழியை அவர்மேலேயே போட்டுவிடுவதும் வழக்கம். முந்தானையால் வாயை மறைத்துச் சிரிப்பது நாணத்தால் என்று நினைத்துக்கொள்கின்றோம்.

பணமில்லாத வீடுகளுக்கு என்ன வழி? வாளையாற்றைத் தாண்டினால் கேரள அரசு, வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ‘மந்தஹாசம்’ என்னும் திட்டத்தின்கீழ் இலவசமாகப் பல்செட்டு கட்டித் தருகின்றது. புன்னகை என்பது அப்பெயரின் பொருள். நம் பக்கத்தில் பல் மருத்துவக் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. கோவையில் ஸ்ரீ இராமகிருஷ்ணா கல்லூரி, சூலூர் அருகே ஆர்.வி.எஸ். கல்லூரி, குமாரபாளையத்தில் ஜே.கே.கே. நடராஜா கல்லூரி, திருச்செங்கோட்டில் கே.எஸ்.ஆர். கல்லூரி என்று பல உள்ளன. இத்தகைய கல்லூரிகளில் ஆசிரியர் மேற்பார்வையில் மாணவர்கள் செய்வதால் தனியார் மருத்துவமனையைக் காட்டிலும் செலவு குறையும், நேரம் கூடுதலாகும். மஹல்லா ஜமாஅத்துகள் டயாலிசிஸுக்கும் சக்கர நாற்காலிக்கும் உதவுகின்றன. பல்லுக்கென்று மனு வருவதில்லை. வராததால் தேவையில்லை என்று எண்ணிவிடுகின்றோம். பல்லுக்கு உதவி கேட்க முதியவர்கள் வெட்கப்படுகின்றார்கள் என்பதே காரணம்.

செட்டு வந்துவிட்டால் வேலை முடிந்ததென்று இருந்துவிடலாகாது. இரவில் கழற்றித் தண்ணீரில் போட வேண்டும். கொதிநீரில் போட்டால் வடிவம் கோணிவிடும். பற்பொடி போட்டுத் தேய்த்தால் கீறல் விழுந்து அழுக்கு தங்கும். சாதாரணச் சோப்பும் மென்மையான பிரஷ்ஷும் போதும். வாயிலேயே வைத்துக்கொண்டு உறங்கினால் அண்ணத்தில் பூஞ்சை படர்ந்து சிவக்கும். செட்டோடு உறங்கும் மிக முதியவர்களுக்கு நிமோனியா வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்காக இருந்ததென்று ஜப்பானிய ஆய்வொன்று 2015-இல் கூறிற்று. எலும்பு தேயத் தேயச் செட்டுக்கு உள்பூச்சு வைத்து இறுக்க வேண்டும். சில ஆண்டுகளில் புதிதாகவும் செய்ய வேண்டும்.

ஒரு முழுச்செட்டுக்குக் குறைந்தது ஐந்து முறையாவது போய்வர வேண்டியிருக்கும். அச்செடுக்க முதல்முறை, அந்த அச்சைச் செம்மைப்படுத்த மறுமுறை, தாடைகள் சேரும் அளவைக் குறிக்க ஒருமுறை, மெழுகில் பற்களை வைத்துப் பார்க்க ஒருமுறை, மாட்டிக்கொண்டு வர ஐந்தாம் முறை. அதற்குப் பிறகுதான் ஈற்றில் உரசும் இடங்கள் தெரியவரும். திரும்பவும் போய், புண்பட்ட இடத்தைக் காட்டி, செட்டின் அந்த விளிம்பைத் தேய்த்துச் சரிசெய்துகொள்ள வேண்டும். சிலருக்கு மூன்று நான்கு முறைகூட ஆகும். உக்கடத்தில் பேருந்து ஏறி, கல்லூரியில் சீட்டு வாங்கி, முறை வரும்வரை காத்திருந்து திரும்பினால் அரைநாள் போய்விடும். எழுபத்தைந்து வயதில் எவரும் தனியாக அதைச் செய்ய முடியாது. முதல் ஐந்து முறைக்கு யாராவது உடன் போய்விடுகின்றார்கள். ஆறாம் முறைக்குக் கடையில் ஆள் இல்லை, பேரனுக்குத் தேர்வு, மருமகளுக்கு வேலை. ஈறு புண்ணாகின்றது. செட்டு பீரோவுக்குள் போய்விடுகின்றது.